ஐந்தாம் வரி

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். உன் நலத்தையும் அண்ணி நலத்தையும் இரண்டாம் வரியில் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முதலில் அப்பா எப்படி இருக்கிறார்? இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. போனில் கேட்டால் "நல்லா இருக்கேம்மா, நீ நேரத்துக்குச் சாப்பிடு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. முப்பத்தோரு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் பார்த்தவர். எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவது பழகிவிட்டது.

நான் புறப்பட்டு வரட்டுமா? ஒரு வார்த்தை எழுது.

இங்கே, இந்த வெளிநாட்டில், எனக்கு ஒரு மானக்கேடு. முதியோர் இல்லத்தில் நான் வெறும் துப்புரவு ஆள்தான் என்றாலும், ஆள் குறைந்த நாளில் குளியல் அறையிலும் போட்டுவிடுகிறார்கள். பதினோராம் அறை அம்மாவின் அட்டையில், செவ்வாய்க்கிழமை குளியலுக்கு நேராக 'டஸ் நாட் ஹாவ் டு' என்று எழுதியிருந்தது. அந்த அம்மா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். குளிக்கக் கூடாது என்று எடுத்துக்கொண்டு நான் அட்டையைத் தட்டிக் காட்டி, இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துவிட்டேன். அவர் அழுதுகொண்டே திரும்பிப் போனார். பிறகு மேற்பார்வை அம்மா கூப்பிட்டு, 'அன்று குளித்தே ஆகவேண்டும் என்றில்லை' என்பதுதான் அதற்கு அர்த்தம், விரும்பினால் குளிக்கலாம் என்றார். ஒரு வயசானவரைத் தண்ணீருக்கு ஏங்கவைத்துவிட்டேன் என்று இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஜூனில் பராமரிப்பு உதவியாளர் பரீட்சை. இந்தப் பாடத்தைத் தபாலில் நடத்து, இங்கிலீஷ் வாத்தியாரே. போனில் உன் சிவப்பு மை தெரியாது.

அன்புடன்,
உன் வாலு

பிப்ரவரி 21

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம். அப்பா பரவாயில்லை. ஓய்வில் இருக்கிறார். நீ வர வேண்டாம்.

பாடத்துக்கு வருவோம். 'மஸ்ட்' என்றாலும் 'ஹாவ் டு' என்றாலும் செய்தே ஆகவேண்டும். அதுவரை இரண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி. 'நாட்' வந்து சேர்ந்ததும் சண்டை போட்ட அண்ணன் தங்கை மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்ளும். 'மஸ்ட் நாட்' என்றால் கூடாது, கதவு பூட்டியாகிவிட்டது. 'டோன்ட் ஹாவ் டு' என்றால் தேவையில்லை, கதவு திறந்துதான் இருக்கிறது, போவதும் போகாததும் உன் இஷ்டம். 'நீட் நாட்' என்பதும் இந்தக் கட்சிதான்.

நம் ஆட்கள் இடறி விழுவது ஏன் தெரியுமா? நமக்கு இரண்டுக்கும் ஒரே 'வேண்டாம்' போதும். அடுப்பைத் தொட வேண்டாம், விருந்தாளி தட்டைக் கழுவ வேண்டாம். முதலாவது தடை, இரண்டாவது சலுகை. குரலை வைத்துப் புரிந்துகொள்வோம். தாளில் குரல் இல்லையே. அதனால் மொழிபெயர்க்கும்போது 'வேண்டாம்' என்ற சொல்லையே தொடாதே. 'கூடாதா, தேவையில்லையா' என்று உன்னையே கேட்டுக்கொள். இருபது வருடமாக இந்த ஒன்றைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது.

பத்து வாக்கியம் தனித்தாளில் வைத்திருக்கிறேன். எழுதி அனுப்பு. பதினோராம் அறை அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாயா?

ஆசிகளுடன்,
அண்ணன்

மார்ச் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே குளிரைத் தவிரக் குறையில்லை. அங்கே எல்லாரும் எப்படி? பத்து வாக்கியமும் முடித்துவிட்டேன், சிவப்பு மையைக் கொஞ்சம் சிக்கனமாகப் பயன்படுத்து.

பதினோராம் அறை அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. போன செவ்வாய் அவரே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குளியல் அறைக்குப் போனார். அரை மணி நேரம் தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். எங்கள் மூன்றாம் மாடிக்குப் புதிதாக ஒரு பெரியவர் வந்திருக்கிறார். எண்பத்திரண்டு வயது. அப்பாவுக்குச் செய்த அதே இடுப்பு ஆபரேஷன். ஆபரேஷன் முடிந்த மறுநாளே எழுப்பி நிறுத்திவிட்டார்களாம். இங்கே தினமும் காலையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடக்கிறார். நடக்க வைக்கிற பயிற்சியம்மா பக்கத்திலேயே போகிறார். பெரியவர் அவரைத் திட்டிக்கொண்டே நடக்கிறார், அவர் சிரித்துக்கொண்டே நடக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவிடம், "எத்தனை தூரம் நடக்கிறீங்கப்பா?" என்றேன். "படுக்கைய விட்டு எறங்கக் கூடாதும்மா. டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு" என்றார். பெருமையாகச் சொன்ன மாதிரிகூட இருந்தது. எழுத்தில் வந்துவிட்டால் அவருக்கு மறுபேச்சு கிடையாதே.

ஆளுக்கு ஆள் வைத்தியம் மாறும் போலிருக்கிறது. அந்த டிஸ்சார்ஜ் சீட்டை ஒரு நகல் எடுத்து அனுப்பேன். நிஜ டாக்டர் எழுதிய கூடாதும் தேவையில்லையும் எனக்கு நல்ல பயிற்சி.

அன்புடன்,
வாலு

மார்ச் 30

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நலமே நாடுகிறேன். பத்துக்கு எட்டு. நான்கையும் ஒன்பதையும் மறுபடி பார். இங்கே பரீட்சைக் காலம், நம் வீட்டு முன்னறை வகுப்பில் கால் வைக்க இடமில்லை. அதனால்தான் தாமதம். அடுத்த பத்து வாக்கியம் இத்துடன்.

அப்பா நன்றாக இருக்கிறார்.

அண்ணன்

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

சௌக்கியமா? இவ்வளவு சின்னக் கடிதத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய தபால்தலை?

சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறந்திருப்பாய். அண்ணி எங்கேயாவது பத்திரமாக வைத்திருப்பாள். அவள் பத்திரமாக வைத்தால் அந்தப் பொருள் அப்புறம் யாருக்கும் கிடைக்காது என்பது குடும்பத்துக்கே தெரியும். ஆனாலும் தேடு. பரீட்சையில் இந்த மாதிரிச் சீட்டைக் கொடுத்துத்தான் கேள்வி கேட்பார்களாம். நோயாளிக்கு எது கூடாது, எது தேவையில்லை என்று பிரித்து எழுத வேண்டும். இரண்டு பிழைக்கு மேல் போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

தாழ்வாரத்துப் பெரியவர் இப்போது வாக்கரை விட்டுவிட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார். பயிற்சியம்மாவிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எத்தன வாரமா படுத்திருக்காரு?" என்று அவர்கள் மொழியில் இரண்டு தடவை கேட்டார். வயசானவர் ஒரு வாரம் படுத்தால் காலில் இருக்கிற பலம் எவ்வளவு போகும் என்று கையால் அளந்து காட்டினார். அதை உனக்கு எழுத எனக்கு மனசு வரவில்லை.

சீட்டை அனுப்பு அண்ணா.

வாலு

மே 3

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு எல்லோரும் நலம். நகல் எடுக்கும் கடையில் மிஷின் ரிப்பேர். அதனால் சீட்டை என் கையாலேயே பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். டாக்டர் கையெழுத்து உனக்குப் புரியவும் புரியாது. ஏழு வரிதான். தமிழில் எழுதிப் பார்.

வெயில் கடுமை. அப்பாவுக்கு முதுகில் லேசாகத் தோல் சிவந்திருக்கிறது. மருந்து போடுகிறோம். கவலைப்படாதே, படிப்பைப் பார்.

அண்ணன்

மே 15

அன்புள்ள வாத்தியாருக்கு,

நான் நலம். அப்பாவின் முதுகு ஆறிவிட்டதா?

பயிற்சி முடித்துவிட்டேன். வரிசையாக எழுதுகிறேன், திருத்து. கால்மேல் கால் போட்டு உட்காரக் கூடாது. தாழ்வான ஆசனத்தில் உட்காரக் கூடாது. தினமும் கட்டுப் பிரிக்கத் தேவையில்லை. தனிச் சாப்பாடு தேவையில்லை. ஐந்தாவது, படுக்கையை விட்டு இறங்கக் கூடாது. ஆறாவது, கைப்பிடி இல்லாத படிக்கட்டில் ஏறக் கூடாது. ஏழாவது, ஆறு வாரம் கழித்துக் கொண்டுவந்து காட்டியே ஆகவேண்டும்.

எழுதி முடித்து இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை சிவப்புப் பேனாவை நான் எடுத்தேன். ஏன் அண்ணா, படுக்கையை விட்டே இறங்கக் கூடாத மனுஷனுக்குப் படிக்கட்டில் என்ன வேலை? கட்டிலை விட்டு இறங்காதவர் தாழ்வான ஆசனத்தில் எப்போது போய் உட்காரப் போகிறார்? ஏழு வரியில் மூன்று வரி நடமாடுகிற ஆளுக்கு எழுதியது. ஐந்தாவது மட்டும் வேறு யாருக்கோ எழுதியது.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அந்த வரி 'படுக்கையிலேயே இருக்கத் தேவையில்லை' என்று இருந்திருக்கும். டாக்டர் கிறுக்கியிருப்பார், நீ அவசரத்தில் மாற்றிப் படித்திருப்பாய். பதினோராம் அறை வாசலில் நான் கையை விரித்து நின்றேனே, அதே கதைதான். வாத்தியாரும் மனுஷன்தானே, கண் தவறும். நான் யாரிடமும் சொல்லிச் சிரிக்க மாட்டேன். நாளைக்கே அப்பாவை எழுப்பி உட்காரவை, அது போதும்.

வாலு

ஜூன் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் இல்லை. நேற்றுப் பரீட்சை எழுதிவிட்டேன். போன் செய்தால் அண்ணி எடுக்கிறாள், நீ வகுப்பில் இருக்கிறாய் என்கிறாள். எந்த நேரம் கேட்டாலும் வகுப்பு. அப்பா "நல்லா இருக்கேன்" என்கிறார். எழுந்தாரா என்று கேட்டால், "கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்குதேம்மா, எப்படி எழுந்திரிக்கிறது" என்கிறார்.

நீ இன்னும் அவரை எழுப்பவில்லை. தவறிப் படித்தவன் திருத்திக்கொண்டிருப்பான் அண்ணா.

வாலு

ஜூன் 12

அன்புள்ள தங்கைக்கு,

நலம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கண் தவறவில்லை. டாக்டர் கிறுக்கவும் இல்லை. முத்துப்போல டைப் அடித்த சீட்டு. ஐந்தாம் வரி நீ யூகித்ததுதான். 'டஸ் நாட் ஹாவ் டு ஸ்டே இன் பெட்.' வாசித்த நிமிடமே எனக்குப் புரிந்தது. இந்த வரியைத் தப்பாகப் படிக்க நான் முயன்றால்கூட முடியாது.

அப்பா வீட்டுக்கு வந்த நாலாம் நாள். முன்னறையில் வகுப்பு நடக்கிறது. இருபது பேர். வாக்கரைத் தட்டிக்கொண்டு வகுப்பின் நடுவே வந்து நின்றார். ஒவ்வொருவராகப் பார்த்து, "உங்க வீட்டு மீட்டர் வாசல் பக்கமா, கொல்லைப் பக்கமா?" என்று கேட்க ஆரம்பித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்கு மட்டும் முகம் எரிந்தது. ஆறாம் நாள் சொல்லாமல் தெருவில் இறங்கிவிட்டார். நாலு வீடு தள்ளி ஒரு சுவரோரம் நின்று மீட்டர் எண்ணைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள். "வாத்தியாரே, அப்பாவ கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார்கள். அந்தக் 'கொஞ்சம்' என்னைச் சுட்டது.

அன்று சாயங்காலம் சீட்டை எடுத்துக்கொண்டு அவர் கட்டிலருகே போனேன். "படுக்கைய விட்டு எறங்கக் கூடாதுன்னு போட்டிருக்குப்பா" என்றேன். "எழுதியே குடுத்திருக்காரா?" என்றார். விரலால் ஐந்தாம் வரியைத் தொட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் தேடினார், பிறகு தேடுவதை விட்டுவிட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்குத் தெரியும், அது அவருக்குப் போதும். "அப்ப சரி" என்று காலை மேலே எடுத்துப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் செய்தேன் என்று அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. அவளும் சீட்டில் அப்படித்தான் இருக்கிறது என்று நம்புகிறாள். பயமும் இருந்தது. ஆனால் வெட்கம்தான் முதலில் வந்தது.

ஒரு வாரம் என்று நினைத்தேன். வகுப்பு அமைதியாக நடந்தது. இரண்டாம் வாரம் சொல்லியிருக்கலாம், அதற்குள் கால் மெலிந்துவிட்டது, எழுப்பினால் விழுவாரே என்று தள்ளிப்போட்டேன். மூன்றாம் வாரம் இன்னும் மெலிந்தது. ஆறு வாரம் கழித்துக் காட்டச் சொன்ன நாளில் நான் தனியாகப் போய், "நல்லா நடக்கறாரு டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்குக் கட்டிலிலேயே எல்லாம் செய்கிறேன். ஒவ்வொரு தடவையும் "உனக்கு எவ்வளவு கஷ்டம்டா" என்கிறார்.

நீ ஒரு கதவைத் திறந்து வைத்தாய். தவறிப் படித்தேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். உன் விடைத்தாளில் அப்படி ஒரு பொய்யைப் பார்த்தால் நான் பூஜ்யம் போட்டிருப்பேன்.

அண்ணன்

ஜூன் 25

அண்ணா,

உன் கடிதத்தைத் துணி மடிக்கும் அறையில் நின்றபடி படித்தேன். வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டினேன். யாருக்கும் நம் மொழி தெரியாததால் பிழைத்தேன். மூன்றாம் மாடிப் பெரியவர் கைத்தடியோடு தோட்டம்வரை போகிறார். அவரைப் பார்த்தாலே எனக்கு அழுகை வருகிறது. உன்னை மன்னிக்க எனக்கு இப்போது தெம்பில்லை, கேட்காதே.

ஆனால் என் கணக்கும் சுத்தமில்லை. பிப்ரவரியில் 'நீ வர வேண்டாம்' என்று எழுதினாய். அடுத்த பத்தியிலேயே அந்தச் சொல்லைத் தொடாதே என்று பாடமும் எழுதினாய். வரக் கூடாதா, வரத் தேவையில்லையா என்று நான் ஏன் திருப்பிக் கேட்கவில்லை? கேட்டால் வர வேண்டியிருக்கும். மேற்பார்வை அம்மா அப்போதே லீவு தருகிறேன் என்றார். போனால் பரீட்சை தள்ளிப்போகும், நான்தான் மறுத்தேன். அப்பா போனில் 'கூடாது' என்று சொன்ன மார்ச் மாதமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பயிற்சி, பாடம் என்று ஜாலம் காட்டினேனே தவிர, "அப்பாவை எழுப்பு" என்று ஒரு வார்த்தை எழுத மே மாதம் ஆயிற்று. நீ கட்டிலில் போட்டாய், நான் இங்கிருந்து போர்வை போர்த்தினேன்.

பரீட்சையில் பாஸ். நீ நடத்திய பாடத்தில் ஒரு மார்க்கும் போகவில்லை. இதைச் சந்தோஷமாக எழுத வேண்டும் என்று எவ்வளவோ நாள் நினைத்திருந்தேன்.

ஜூலை பத்தொன்பதாம் தேதி வருகிறேன். அதற்குள் நீ அப்பாவிடம் சொல். மூலச் சீட்டை எடுத்து வைத்துச் சொல். சொல்லியே ஆகவேண்டும் அண்ணா. டாக்டரிடமும் போ, பொய்யைத் திரும்ப எடு.

தங்கை

ஜூலை 9

அன்புள்ள தங்கைக்கு,

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும். முதலில் டாக்டரிடம் போனேன். திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. பயிற்சிக்கு ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்புகிறார். வீட்டுக்குள் வாக்கரோடு நடக்கலாம், தெருவுக்கு இனி ஆசைப்பட வேண்டாம் என்றார். எந்த வேண்டாம் என்று நான் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். சீட்டை அவர் மார்புமேல் வைத்து, ஐந்தாம் வரியைச் சரியாகப் படித்து, அன்று மாற்றிச் சொன்னதையும் ஏன் சொன்னேன் என்பதையும் சொன்னேன். சீட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முப்பத்தோரு வருஷத்துல ஒரு வீட்டுலயும் நான் நம்பரை மாத்தி எழுதினதில்லடா" என்றார். அதற்குமேல் திட்டவில்லை.

"இப்ப எழுந்திரிக்கலாம்பா. எறங்குங்க, நான் பிடிச்சுக்கறேன்" என்றேன்.

"எழுந்திரிச்சுத்தான் ஆகணுமா?"

நான் தடுமாறினேன். "அப்படி ஒண்ணும் இல்லப்பா..."

"அப்ப இருக்கட்டும்" என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நாள் வாக்கர் கட்டிலோரம் அப்படியே நின்றது. இருபது வருடம் திறந்த கதவு, திறந்த கதவு என்று பாடம் நடத்தினேனே, திறந்திருந்தும் போகாமல் ஒருவர் படுத்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை, நீ வருகிறாய் என்று சொன்னேன். சுவரை விட்டு என் பக்கம் திரும்பினார். "அவளுக்குத் தெரியுமா?" என்றார். நான் போர்வையை மடிக்கக் குனிந்துகொண்டேன். தெரியாது என்று எடுத்துக்கொண்டார். "தெரிய வேணாம். கண்ணு தப்பி மாத்திப் படிச்சிட்டேன்னு எழுதிடு. பொடி எழுத்து, யாருக்கும் வர்றதுதான்னு எழுது. அண்ணன் தங்கச்சிக்குள்ள இது இருக்கக் கூடாது" என்றார். பிறகு, "வண்டிய இப்படித் தள்ளு" என்று வாக்கரைக் காட்டினார். கால் நடுங்க நடுங்க ஜன்னல்வரை நாலு அடி வந்தார். எதிர்வீட்டுச் சுவரில் மீட்டர் தெரிகிறது. எண்ணைப் படிக்க முடியவில்லை போலிருக்கிறது, பார்த்துக்கொண்டே நின்றார்.

ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதாதவர், எனக்காக ஒன்றை மாற்றி எழுதச் சொல்லிவிட்டார். எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார், அதனால் கீழே தனி வரியாக எழுதுகிறேன். நீ வந்ததும் அவர் முன்னால் இதை நம்பியதாகக் காட்டிக்கொள். பிறகு என்னிடம் கொண்டுவந்து, சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டுக் கொடு.

சீட்டின் ஐந்தாம் வரியைக் கண் தவறி மாற்றிப் படித்துவிட்டேன்.

அண்ணன்